பண்பில் உயர்ந்த விஞ்ஞானி: டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குத் தமிழ்ப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். புலவர்களையும் தேச பக்தர்களையும் பற்றிய கட்டுரைகள் நம் மலர்களில் நிறையவே வந்துள்ளன. ஆகவே இம்முறை யாரைப் பற்றி எழுதலாம் என்று சில நாட்கள் எண்ணமிட்டுக் கொண்டிருந்தேன். அந்நிலையில் ஒரு நாள் மாலை, நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் என் இல்லத்துக்கு வந்தார்.

மைசூரில் வாழும் நமக்கு ஆராய்ச்சி என்பது அயலான தொழில் அன்று. 1950-ஆம் ஆண்டு செலுவாம்பா மாளிகையில் தொடங்கப் பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், மானசகங்கோத்திரியில் பரந்து விளங்கும் பல்கலைக் கழகத் துறைகளும் நம் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் இடங்களே. வந்த இளைஞரும் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று ஆண்டுகள் உழைத்தவர். அது எந்தக் கூடம் என்பது இங்கே வேண்டுவதில்லை. அவர் இரவு பகல் பாராது செய்த சோதனைகள் கட்டுரையாக அச்சேறியபோது, ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் நான்காவதாக நின்றதாம். இனி ஆராய்ச்சி வேண்டாம், வங்கித் தேர்வு எழுதப் போகிறேன் என்றார். தாயார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

அந்தப் பிள்ளைக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல முடிந்தது. அன்று நான் வாய்மொழியாகச் சொன்னதையே இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இப்போது விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாய், வயலும் தோப்பும் சூழ அமைந்துள்ள ஊர் வத்திராயிருப்பு. வத்ராப் என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் வேளாண்மையோடு தமிழ், வடமொழி நூல்களிலும் ஈடுபாடு கொண்டவர். வீட்டுத் திண்ணையிலேயே இரு மொழிகளின் செல்வமும் மகனுக்குக் கிடைத்தது எனலாம். பிற்காலத்தில் உலகம் சுற்றி வந்த பின்னும் அந்தத் திண்ணைக் கல்வி அவரை விட்டு நீங்கவில்லை.

உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். அங்கே தமக்கு வாய்த்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவரைக் கிருஷ்ணன் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர் பெரிய பட்டங்கள் பெற்றவர் அல்லர். ஆனால் தாம் சொல்லிக் கொடுப்பதைத் தாம் தெளிவாக உணர்ந்தவர். பௌதிகமோ பூகோளமோ எதுவாயினும் பிள்ளைகள் மனத்தில் அழியாமல் பதியச் செய்தவர். பெரிய பதவிகளை அடைந்தவர்கள் தம் ஆசான்களைப் பற்றிப் பேசும்போது பட்டமும் புகழும் வாய்ந்தவர்களையே நினைவில் கொள்வது வழக்கம். கிருஷ்ணன் ஒரு கிராமாந்தரப் பள்ளி ஆசிரியரையும் அந்த வரிசையில் வைத்தார்.

பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதன் பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. பட்டம் பெற்றதும் அங்கேயே இரசாயனத் துறையில் செய்முறை விளக்குநர் வேலை கிடைத்தது. இந்த வேலையில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக் கொண்டு பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றில் யார் எந்த ஐயத்தைக் கேட்டாலும் கலந்து பேசி விளக்குவார். அது பாடத்திட்டத்தில் அடங்கியதன்று. அதற்குத் தனிச் சம்பளமும் இல்லை. இருந்தும் அந்த உரையாடலைக் கேட்கப் பிற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தனர். சோற்று மூட்டையைப் பிரித்து வைத்துக் கொண்டு, கேள்வி கேட்கக் கூசாமல் கேட்டும், தெரிந்ததை மறைக்காமல் சொல்லியும் பழகிய அந்தக் கூட்டத்தில்தான், பின்னாளில் நாடறிந்த ஆய்வாளர் கிருஷ்ணன் உருவானார் என்பது என் எண்ணம். ஒன்றைப் பிறருக்கு விளங்கச் சொல்ல முயலும்போதுதான் நமக்கே அது எவ்வளவு விளங்கியிருக்கிறது என்பது வெளிப்படுகிறது.

1920-ஆம் ஆண்டு அந்த நிலையான வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு இரயில் ஏறினார். அங்கே பல்கலைக் கழகத்தில் பாலித் பேராசிரியராக விளங்கியவர் சந்திரசேகர வேங்கட ராமன். அவரும் அரசாங்க நிதி இலாகாவில் பெரும் பதவி வகித்து, அதனை 1917-இல் துறந்து ஆராய்ச்சிக்கு வந்தவரே. பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் 1923-ஆம் ஆண்டு கிருஷ்ணன் ராமனின் ஆராய்ச்சித் துணைவராக அமர்ந்தார். தமிழ் மண்ணிலிருந்தும் பாலக்காட்டுப் பகுதியிலிருந்தும் வந்த இளைஞர் பலர் அப்போது அக்கழகத்தில் இருந்தனர்.

அவர்கள் எதைத் தேடினர் என்பதை இங்கே விளக்குவது அவசியம். 1921-இல் ராமன் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது, அதன் நீல நிறம் வானத்தின் பிரதிபிம்பம் மட்டும்தானா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று கண்டார். அது முதல் திரவங்களில் ஒளி சிதறும் விதத்தை ஆராய்வதே அந்த ஆய்வுக் கூடத்தின் தலையாய வேலையாயிற்று. 1923-இல் கே. ஆர். ராமநாதன் என்பவர், தூய நீரில் சிதறிய ஒளியோடு வேற்று நிற ஒளியும் மிக மெல்லியதாகக் கலந்து வருவதைக் கண்டார். நீரில் ஏதோ மாசு இருந்து ஒளிர்கிறது என்றே அப்போது கருதினர். மறுபடி மறுபடி வடித்துத் தூய்மை செய்தும் அது மறையவில்லை. அதன் பின் கிருஷ்ணன் அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களை எடுத்து, தூசு ஒன்றும் இல்லாமல் ஒவ்வொன்றையும் வெற்றிடத்தில் மெல்ல மெல்ல வடித்துச் சோதித்தார். சிலவற்றில் அதே மங்கிய ஒளி தென்பட்டது. அதையும் குறித்து வைத்தார். 1925-இல் அந்த ஆய்வு அச்சாயிற்று. ஆனால் அந்த மங்கிய ஒளியின் பொருள் இன்னது என்று அப்போது ஒருவருக்கும் புலப்படவில்லை.

1928-ஆம் ஆண்டு தொடங்கியபோது கிருஷ்ணன் சோதனை மேசையை விட்டுக் கணக்குப் போடுவதிலேயே மூழ்கியிருந்தார். கணிதம் அவருக்கு இயல்பாகக் கைவந்த கலை. விஞ்ஞானி நெடுங்காலம் சோதனையை விட்டு விலகியிருப்பது நல்லதன்று என்று ராமன் அவரை மீண்டும் சோதனைக்கு இழுத்தார். ராமனைப் பற்றி எத்தனையோ பேசப்படுகிறது. தம்மிடம் இருப்பவருக்கு எந்த வேளையில் எது தேவை என்று அறிந்து அவரைத் திருப்பிவிட்ட இச்செயலையும் அவற்றோடு சேர்த்துப் பேச வேண்டும். பிப்ரவரி 5-ஆம் நாள் முதல் கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அன்றன்று செய்த சோதனை, கண்டது, ஆசிரியர் சொன்னது, தமக்கு எழுந்த ஐயம் ஆகிய யாவும் அதில் உள்ளன. அந்தக் குறிப்பு இல்லையானால் அந்த மூன்று வாரங்களில் நடந்தவற்றை நாம் இன்று அறிய வழியே இருந்திராது.

பிப்ரவரி 7-ஆம் நாள் நிகழ்ந்தது இது. சூரிய ஒளியைக் கண்ணாடியால் உள்ளே திருப்பி, நீல ஊதா வண்ண வடிகட்டி ஒன்றின் வழியே ஒரு திரவத்தில் பாய்ச்சினார் கிருஷ்ணன். பார்ப்பவர் கண்ணுக்கு முன் பச்சையும் மஞ்சளும் சேர்ந்த வடிகட்டிகளை வைத்தார். நீல ஒளி மட்டுமே உள்ளே சென்றிருப்பதால், பச்சை மஞ்சள் வழியே பார்த்தால் ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் ஒளியின் தடம் தெரிந்தது. ஒரு திரவத்தில் மட்டும் அல்ல, எடுத்த திரவம் ஒவ்வொன்றிலும் தெரிந்தது. அவ்வொளி சாதாரண ஒளிர்தலைப் போன்றும் இல்லை.

ஆசிரியரிடம் சென்று சொன்னார். ராமன் நம்பவில்லை. எல்லாத் திரவங்களிலும் இது எப்படி நிகழும் என்று கேட்டார். கிருஷ்ணன் வாதாடவில்லை, மனம் சோர்ந்து மூலையில் அமரவும் இல்லை. ராமன் அறைக்குள் வந்தபோது பென்டேன் என்னும் திரவம் நிறைந்த குமிழ் தொட்டியில் தயாராக இருந்தது. ராமன் தாமே வடிகட்டி வழியாகப் பார்த்தார். தடம் தெரிந்தது. இவ்வளவும் ஒளிர்தல்தான் என்றா சொல்கிறாய் என்று கேட்டார். பிறகு அதே பச்சை மஞ்சள் வடிகட்டிகளைக் கண்ணுக்கு முன்னிருந்து எடுத்து, உள்ளே செல்லும் ஒளியின் பாதையில் கொண்டுபோய் வைத்தார். தடம் அடியோடு மறைந்தது. உள்ளே செல்லாத நிறம் திரவத்தில் புதிதாகப் பிறக்கிறது என்பது அதனால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ராமனுக்கு உணர்ச்சி மேலிட்டது. வியப்புக்குரிய முடிவு என்று பன்முறை சொன்னார். திரவங்களை ஒன்றன் பின் ஒன்றாகச் சோதித்தனர். விதிவிலக்காக ஒன்றும் இல்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்பே இதை எப்படித் தவறவிட்டோம் என்று வியந்தார்.

அன்றிரவு உணவுக்குப் பின் கிருஷ்ணனும், உடன் தங்கியிருந்த எஸ். வேங்கடேஸ்வரனும் தங்கள் அறையில் பேசிக் கொண்டிருந்தனர். வேங்கடேஸ்வரன் அரசாங்கப் பரிசோதனைச் சாலையில் பணியாற்றிக் கொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். கிளிசரினில் புதிய நிற ஒளியைக் கண்டு இத்தேடலுக்குப் புது ஊக்கம் ஊட்டியவர். இரவு 9 மணிக்கு வாசலில் ராமனின் குரல் கேட்டது. கீழே இறங்கி வந்தனர். காலையில் கண்டது, கிரேமர்சும் ஹைசன்பர்க்கும் கணக்கில் காட்டிய விளைவே என்றும், தாம் இத்தனை நாள் தேடிக் கொண்டிருந்தது அதுவே என்றும் சொல்லவே பேராசிரியர் இருளில் நடந்து வந்திருந்தார். வீட்டு வாசலிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் நின்று பேசினர். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் மாணவன் வீட்டுப் படிக்கு ஓடி வந்து நின்ற அந்த இரவை நினைக்கும்தோறும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

பிப்ரவரி 16-ஆம் நாள் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் லண்டன் நேச்சர் இதழுக்கு முதற் குறிப்பு சென்றது. 28-ஆம் நாள் நிறமாலை காட்டி வழியே நோக்கியபோது, புதிய ஒளி தனித்து நிற்பது தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் செய்தி நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 28-ஐ தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி வருகிறோம். நம் குழந்தைகள் பள்ளியில் அன்று கண்காட்சி வைப்பது இதன் பொருட்டே.

இதன் பின் நிகழ்ந்த ஒன்றில் கன்னட நாட்டில் வாழும் நமக்குத் தனி உரிமை உண்டு. மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் கூட்டத்தில் ராமன் இக்கண்டுபிடிப்பை விரிவாக எடுத்துரைத்தார். கூட்டம் நடந்த சென்ட்ரல் கல்லூரி அந்நாளில் நம் மைசூர்ப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. அவ்வுரையின் முடிவில் கிருஷ்ணனின் ஒத்துழைப்பையும் வேங்கடேஸ்வரனின் உதவியையும் பெயர் சொல்லி நன்றியோடு குறிப்பிட்டார். அம்மாத முடிவுக்குள் உரை அச்சாகி, உலகின் பல நாட்டு விஞ்ஞானிகளுக்கு அஞ்சலில் சென்றுவிட்டது. இந்த வேகம் வீண் ஆரவாரம் அன்று. அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இருவர் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்கள் கட்டுரை வெளிவரச் சில மாதங்கள் சென்றன. கண்டதைத் தெளிவாக எழுதுவதும், காலத்தே எழுதுவதும், எழுதியதை உரியவரிடம் சேர்ப்பதும் ஆராய்ச்சியின் புறத்தே நிற்கும் வேலைகள் என்று நினைப்பவர்கள் இந்த மாஸ்கோ விஞ்ஞானிகளின் கதையை அறிந்து கொள்வது நலம்.

அவ்வாண்டிலேயே பெர்லின் விஞ்ஞானி பிரிங்ஷைம் இதற்கு ராமன் விளைவு என்று பெயரிட்டார். பெயர் நிலைத்தது. 1930-இல் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப் பெற்றது.

கதையை இவ்விடம் வரை சொன்னபோது எதிரே இருந்த இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது நியாயமா என்று கேட்டார். முழு நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏழாண்டுகள் ஒரே கேள்வியை விடாமல் பற்றி நின்றவர் ராமன். விளைவின் உட்பொருளை உணர்ந்தவரும் அவர். துணிந்து உலகுக்கு அறிவித்தவரும் அவரே. ஸ்டாக்ஹோமில் ஆற்றிய பரிசு உரையிலும் ராமநாதன், கிருஷ்ணன், வேங்கடேஸ்வரன் ஆகியோர் பெயர்களை அவர் மறைக்கவில்லை. இருப்பினும் அந்தப் பிப்ரவரிக் காலையில் தொட்டியின் முன் முதலில் நின்ற கண்கள் கிருஷ்ணனுடையவை. இரண்டும் உண்மை. கிருஷ்ணனுக்குச் சற்றேனும் வருத்தம் இருந்திராது என்று எழுதினால் அது புராணமாகிவிடும். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது. பின்னர் அவர் செய்தது என்ன என்பது மட்டுமே தெரியும்.

அவர் உரிமை கோரி மேடை ஏறவில்லை. ஆசானைக் குறை கூறிப் பத்திரிகைகளுக்கு எழுதவும் இல்லை. வேறு ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டு டாக்காவுக்குச் சென்றார்.

டாக்காப் பல்கலைக் கழகத்தில் பௌதிக ரீடராக அமர்ந்தபோது அங்கே சத்தியேந்திர நாத போஸ் பேராசிரியராக இருந்தார். கிருஷ்ணன் அங்கே படிகங்களின் காந்தத் தன்மையை ஆராயத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை, நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டு மகிழத் தக்கது. சிறு படிகம் ஒன்றை மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். காந்தம் படிகத்தைத் தனக்கு ஏற்ற திசையில் பிடித்து நிறுத்தும். இழையின் மேல் நுனியைச் சிறிது சிறிதாக முறுக்கிக் கொண்டே போனால் படிகம் அசைய மறுத்து நிற்கும். ஓர் எல்லை வரும். அவ்வெல்லையில் படிகம் திடீரென்று புரண்டு திரும்பும். எவ்வளவு முறுக்கியபோது புரண்டது என்ற கோணத்தைக் கொண்டே, படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். அதிலிருந்து அதன் உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் ஊகித்தறியலாம். ஓர் இழை, ஒரு படிகம், ஒரு காந்தம், இவற்றோடு அளவற்ற பொறுமை. பெரிய பொருட்செலவு இல்லாமல் உலகத் தரத்தில் ஒரு துறையையே அவர் வளர்த்தார்.

இந்த ஆய்வுகளில் பி. சி. குஹா, சாந்திலால் பானர்ஜி ஆகிய வங்க இளைஞர்கள் அவருடன் உழைத்தனர். அவர்கள் பெயர்கள் கட்டுரைகளின் தலைப்பிலேயே அவர் பெயரோடு சேர்ந்து நிற்கின்றன. தம் இளமையில் நேர்ந்ததை எண்ணித்தான் இதில் கருத்தாக இருந்தார் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அந்தப் பெயர்கள் அங்கே இருக்கின்றன என்பது மட்டும் கண்கூடு. 1933-இல் ராமன் பெங்களூருக்கு, நம் மைசூர் சமஸ்தானத்துக்குப் பெயர்ந்தபோது, கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். லண்டனில் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து வந்த கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் இவரும் 1936-இல் கூட்டாக ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கடல் கடந்தும் நிலைத்த அந்த அறிவுத் தோழமையின் அருமையைப் பின்னர் சொல்கிறேன். 1937-இல் கேம்பிரிட்ஜின் காவென்டிஷ் ஆய்வுக் கூடத்திலும் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனிலும் சொற்பொழிவாற்றினார். 1940-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

இளைஞர்களிடம் அவர் பழகிய விதத்துக்கு ஓர் உதாரணம் போதும். 1928-ஆம் ஆண்டு கோடையில் சென்னையிலிருந்து 17 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் கல்கத்தா ஆய்வுக் கூடத்துக்கு வந்து தங்கினார். ராமனின் தமையனார் மகன். சோதனை வேலை அவருக்கு அவ்வளவாகக் கைவரவில்லை. கண்டுபிடிப்பின் பரபரப்பு இன்னும் அடங்காத வேளை அது. அந்நிலையிலும் தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளைய அந்த மாணவரோடு கிருஷ்ணன் நண்பராகப் பழகினார். அம்மாணவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் வாழ்வை ஆராய்ந்து 1983-இல் நோபெல் பரிசு பெற்றவர்.

1942-இல் அலகாபாத் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். அங்கே உலோகங்களில் மின்சாரம் பாயும்போது எழும் தடையை, ஏ. பி. பாட்டியா என்னும் இளைஞரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1946-இல் சர் பட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் டில்லியில் நிறுவப் பெற்ற தேசிய பௌதிக ஆய்வுக் கூடத்தின் முதல் இயக்குநராக அவரை அரசாங்கம் அமர்த்தியது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் சர்தார் படேல் அக்கூடத்தைத் திறந்து வைத்தார். அணு சக்திக் கமிஷனின் முதல் உறுப்பினர் மூவரில் கிருஷ்ணனும் ஒருவர். 1949-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் தலைவர். 1954-இல் பத்ம பூஷண் விருதும், 1958-இல் முதன் முதலாக வழங்கப் பெற்ற பட்நாகர் பரிசும் அவரை வந்து சேர்ந்தன. இவ்வளவு பதவிகளும் கோப்புகளும் சூழ்ந்த பின்னும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. சூடேறிய பொருள்களிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுவதை எஸ். சி. ஜெயின் என்னும் இளம் ஆய்வாளரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதி வந்தார். இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவுடன் ஆய்வு மேசையை மறந்துவிடுவோர் நம் நாட்டில் குறைவல்லர். இது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய செய்தி.

அவர் பேச்சைக் கேட்டவர்கள் அனைவரும் ஒன்றை மறவாமல் சொல்வார்கள். எதை விளக்கினாலும் அதற்கு ஏற்ற கதை ஒன்று அவரிடம் இருக்கும். வடமொழியிலும் தமிழிலும் கற்ற நூல்கள், வத்திராயிருப்பில் கேட்டவை, உலக விஞ்ஞானிகளிடம் பழகி அறிந்தவை யாவும் கலந்து வரும். தாம் கிருஷ்ணனைச் சந்தித்தபோதெல்லாம் புதிய கதை ஒன்றை அவர் சொல்லாமல் விட்டதில்லை என்று பண்டித நேரு சொல்லியிருக்கிறார். அவர் பெரிய விஞ்ஞானி என்பதைவிட முழுமையான மனிதர் என்பதே சிறப்பு என்றும் நேரு பாராட்டினார். டென்னிஸ் ஆட்டத்திலும் அவருக்கு விருப்பம் உண்டு. புத்தகப் புழுவாக இருந்தால்தான் ஆராய்ச்சி கைகூடும் என்று பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப மறுக்கும் பெற்றோர் இதையும் கவனிக்கலாம்.

1961-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே, கிருஷ்ணன் டில்லியில் காலமானார். வயது 62. ராயல் சொஸைட்டி தன் மறைந்த உறுப்பினர்களைப் பற்றி வெளியிடும் வாழ்க்கைக் குறிப்புகளில் அவருடையதை எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஹோமி பாபா. மற்றொருவர், கடல் கடந்து அவருடன் கட்டுரை எழுதிய அதே கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார்.

இங்கே கதையை நிறுத்தினேன். இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கிருஷ்ணனின் நாட்குறிப்பைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். என்ன தாளில் எழுதினார், ஒவ்வொரு நாளும் எழுதினாரா, ஆசிரியர் நம்ப மறுத்ததையும் எழுதினாரா என்றெல்லாம் கேட்டார். தாளைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. நம்ப மறுத்ததை எழுதினார் என்பதை மட்டும் சொன்னேன். தாம் எழுதி வந்த ஆய்வுக் குறிப்பேடுகள் ஆறும் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். நான்காவது பெயராக நின்ற கட்டுரையில் இடம் பெறாத ஒரு முடிவு மூன்றாவது ஏட்டில் இருக்கிறதாம். அதைக் குறித்துத் தம் வழிகாட்டியிடம் நேரில் பேசியதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மூன்றாண்டில் ஒரு முறையேனும் அவரிடம் மனம் விட்டுப் பேசியதில்லை என்று அவர் தாயார் இடையே சொன்னார்.

வங்கித் தேர்வை அவர் எழுதினாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை. சென்ற வாரம் தபால் நிலையத்தில் அவரைக் கண்டேன். கையில் தடித்த உறை ஒன்று இருந்தது. டில்லியில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக் கூடத்துக்கு ஒரு விண்ணப்பம் என்றார். முகவரியை எழுதி முடித்துவிட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார். கூடத்தின் பெயருக்கு அடுத்த வரியில், வீதியின் பெயராக, டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று இருந்தது.